கதையில் வென்றவர்: இராசா பீர்பால்

விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடிந்ததும், அம்மம்மாவின் அருகிருந்து கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கதைகளில் வரும் அரசர்கள் அடிக்கடி பிழைவிடுவர். மதியூகி ஒருவன் சிரிக்கவைத்தே அவர்களைத் திருத்துவான். தெனாலிராமன் கதையைப் போலவே எம் சிறுவர் விரும்பிக் கேட்பது, அக்பர் சக்கரவர்த்தியின் சபையிலிருந்த பீர்பாலின் கதையாகும்.

பனிக்கால இரவில் விடியும்வரை குளத்து நீரில் நிற்பவனுக்குப் பரிசு தருவதாக அரசர் அறிவித்தாராம். ஏழையொருவன் நின்று காட்டினான். தொலைவிலே தெரிந்த அரண்மனை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதாக அவன் சொல்ல, அவ்விளக்கின் சூட்டிலே குளிர்காய்ந்தான் என்று பரிசை மறுத்துவிட்டனர். மறுநாள் பீர்பால் சபைக்கு வரவில்லை. அரசர் தேடிப் போனால், நிலத்திலே சிறு நெருப்பு. மூங்கிற் கழியின் உச்சியிலே கிச்சடிப் பானை! இது எப்போது வேகும் என்று கேட்ட அரசர், கேட்ட கணமே தம் பிழையை உணர்ந்தார். ஏழைக்குப் பரிசு கிடைத்தது.

இத்தகைய கதைகள் பெரும்பாலும் பிற்கால மக்கள் கட்டியவை. ஆயினும் பீர்பால் கற்பனை மனிதரல்லர். 1528ஆம் ஆண்டில், வட இந்தியாவின் கால்பிப் பகுதியில் அந்தணர் குடியிற் பிறந்தவர். இயற்பெயர் மகேசதாஸ். விரஜ மொழியிலே கவி பாடியவர். 1556 முதல் 1605 வரை அரசாண்ட அக்பர், அவருக்குக் கவிராய் என்ற பட்டத்தையும், பின்னர் இராசா பீர்பால் என்ற பட்டத்தையும் அளித்தார். மதத்தால் வேறுபட்டும் இருவரும் உற்ற நண்பராயினர். ஒருமுறை யானையொன்று வெறிகொண்டு பீர்பாலை நோக்கிப் பாய்ந்தபோது, அக்பர் தம் குதிரையை இடையிலே செலுத்தி அவரைக் காத்தார்.

சிறுவர் கதைகள் சொல்லாத முடிவு ஒன்றுண்டு. 1586ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வடமேற்கு மலைநாட்டு யூசுப்சாய் குலத்தாரை அடக்கச் சென்றிருந்த தளபதி சைன்கான் மேலும் படை வேண்டினார். துணைப்படையோடு செல்ல அபுல் பசலும் பீர்பாலும் முன்வந்தனர். சீட்டுப் போட்டதில் பீர்பாலின் பெயர் விழுந்தது. சென்ற இடத்தில் அவருக்கும் தளபதிக்கும் ஒத்துப்போகவில்லை. மலையிலே காவலமைத்துத் தங்கவேண்டும் என்பது தளபதியின் எண்ணம். விரைவாகத் தாக்கித் திரும்பிவிடவேண்டும் என்பது பீர்பாலின் எண்ணம். பிணக்குத் தீராமலே படை கணவாய்க்குள் நுழைந்தது. உயரத்திலிருந்து கல்லும் அம்பும் பொழிந்தன. ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர், பீர்பாலும் மாண்டார். அவருடைய உடல்தானும் கிடைக்கவில்லை. அக்பர் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. பீர்பால் உயிரோடிருக்கிறார் என்று வதந்தி எழுந்தபோது, ஆளனுப்பி விசாரிப்பித்தார்.

பிழை யாருடையது என்று இன்று தீர்ப்புக் கூறுவது எம் வேலையன்று. பேரரசரையும் இணங்கவைத்தவராகக் கதைகள் புகழும் ஒருவர், தம்மோடு நின்ற தோழரோடு இணங்க இயலாது வீழ்ந்தார் என்பதே நாம் நினைக்கவேண்டியது. சங்கமாகக் கூடிப் பணிசெய்யும் எமக்கு அறிவும் வேண்டும், நகைச்சுவையும் வேண்டும். விட்டுக்கொடுத்து ஒன்றாய் நடக்கும் குணம் அவற்றிலும் மேலாக வேண்டும். சிறுவருக்குக் கிச்சடிப் பானையின் கதையைச் சொல்வோம். அவர்கள் வளர்ந்ததும் கணவாயின் கதையையும் சொல்வோம்.