முக்காலியை மறுத்த வழக்கறிஞர்

பாறசாலையினின்று நாகர்கோவில் செல்லும் இருப்புப் பாதையில், குழித்துறைக்கு அப்பால் பள்ளியாடி என்னும் சிற்றூர் உள்ளது. குமரி மக்கள் மார்ஷல் என்று அன்போடு அழைத்த திரு. அ. நேசமணி அவர்கள் 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பிறந்த ஊர் அது. ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழ்ந்து, சட்டம் பயில விரும்பும் நம் மாணவர்க்கு அவர் வரலாறு அண்டை வீட்டு வரலாறே ஆகும். ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவர் நாடார் குலத்துக் கிறித்தவக் குடும்பத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமையைத் திருவிதாங்கூர் மன்னராணை ஒருவாறு ஒப்புக்கொண்டது 1859ஆம் ஆண்டில். அவர் பிறந்ததோ அதற்கு 36 ஆண்டுகளே கழிந்த பின்னர். இந்நெய்யாற்றின்கரைப் பகுதியிலேயே ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றதும், அப்பள்ளி தீக்கிரையானதும் 1910களில் நிகழ்ந்தவை. பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுவது இருக்கட்டும், அகரம் எழுதும் திண்ணைக்கே தீ வைத்த காலம் அது. நேசமணியின் கல்லூரிக் காலமும் ஏறக்குறைய அதுவே.

அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார், பின்னர் அந்நகரிலேயே சட்டக் கல்லூரியில் பி.எல். பயின்றார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது 1937இல் ஆதலின், அக்காலத்தில் அக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. பள்ளியாடியிலிருந்து தலைநகர் செல்லும் வழி பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊடாகவே சென்றது. இடையில் அன்று மாநில எல்லை என ஒன்று இல்லை.

1921ஆம் ஆண்டில், ஏறத்தாழ 26 வயதில், நாகர்கோவில் நீதிமன்றத்தில் அவர் தொழில் தொடங்கினார். அங்கே மேற்சாதி வழக்கறிஞர்கள் அமர நாற்காலிகளும், ஏனைச் சாதியார் அமர முக்காலிகளும் போடப்பட்டிருந்தன. குடிநீர்ப் பானையும் தனித்தனி. ஒரே பட்டம், ஒரே கறுப்பு அங்கி, ஒரே சட்டப் புத்தகம். இருக்கை மட்டும் வேறு! நேசமணி முதல் நாளன்றே முக்காலியை உதைத்துத் தள்ளி, நாற்காலி கொணர்ந்து போட்டு அமர்ந்தார் என்பது குமரி மாவட்டத்தில் இன்றளவும் வழங்கும் செய்தி. பானைப் பாகுபாடும் அவரால் ஒழிந்தது என்பர்.

இச்செயலைச் சினத்தின் விளைவு என்று கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். முக்காலியில் அமர வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதித்ததாகத் தெரியவில்லை. வழக்கம் ஒன்றே விதித்தது. முன்பு வந்தவர் அமர்ந்தனர். ஆகவே பின்பு வந்தவரும் அமர்ந்தனர். சட்டம் கற்றவர் ஒருவர் அவ்விதிக்கு ஆதாரம் யாது என்று வினவின், விடை கூறுவார் எவருமில்லை. கட்சிக்காரர் எவரும் இல்லாமலே நேசமணி நடத்திய முதல் வழக்கு அது எனலாம். புதிதாய் வந்த இளைஞர் ஒருவர் மூத்தோரைப் பகைத்துக்கொண்டால் வழக்குகள் வாரா என்னும் அச்சம் அவருக்கும் இருந்திருக்கக் கூடும். பின்னர் 1940களில் அதே நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கத்துக்கு அவரே தலைவரானார்.

ஏறக்குறைய அக்காலத்திலேயே, 1923இல், பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பெற்ற பட்டங்கள் இருந்தும் வழக்குகள் எளிதில் வரவில்லை. கணக்கியல் பயிற்சிக் கூடம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்து அவர் வருவாய் தேட வேண்டியிருந்தது. புதிய வழக்கறிஞருக்கு முதற் சில ஆண்டுகள் வறட்சியானவை. பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், பட்டம் பெற்ற மறு திங்களே பணம் வரும் என்று எண்ணியிராமல், மேலும் சில ஆண்டுச் செலவுக்கு வழி கண்டு வைத்தல் நலம்.

நேசமணியின் அரசியல் வாழ்வு விரிவானது, சுருங்கச் சொல்வோம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராய், தமிழர் மிகுந்த வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடினார். 1954இல் தேவிகுளத்தில் தடையை மீறிச் சிறை புகுந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகம் சேர்ந்தன. அவர் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்த காலத்திலேயே, 1968 ஜூன் 1ஆம் நாள், அவர் மறைந்தார்.

அவ்வெல்லைக்கோடு இன்று நம் மாணவரின் விண்ணப்பத் தாளிலும் ஓடுகிறது. கேரளச் சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளிலோ மதிப்பெண் வரிசையே பார்க்கப்படுகிறது. ஒற்றசேகரமங்கலத்து மாணவர் கேரளத்தில் பெற்ற பட்டியல் சாதிச் சான்றிதழ், களியக்காவிளையைக் கடந்தபின் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆகவே எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது என்பதை முன்னரே ஆய்ந்து முடிவு செய்க. பட்டத்துக்குப் பின் வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்தலும், அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறலும் வேண்டும். பதிவுக்கு மன்றங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தடுத்தது: சட்டம் குறித்த தொகை பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய், அதற்கு மேல் கேட்டல் ஆகாது. இங்கும் சட்டத்தில் இல்லாத ஒன்றை வழக்கமே விதித்திருந்தது காண்க.

மதம் என்னும் இடத்தில் பௌத்தம் என்று எழுதினால் பட்டியல் சாதி உரிமை போய்விடுமோ என்று அஞ்சி, சில இல்லங்களில் பழைய மதத்தையே எழுதி விடுகின்றனர். அவ்வச்சத்துக்கு இப்போது இடமில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் முதலில் இந்துக்கள் மட்டுமே இடம் பெற்றனர். 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சான்றிதழ் கோரும் மனுவோடு அந்த 1990ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் படி ஒன்றையும் இணைத்து அலுவலகத்தில் கொடுங்கள்.