படமும் ஒலியும் வராதபோது: ஜோன் லோகி பெயர்ட்டின் வாழ்க்கை

மாணவர்களே, கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சில வீடுகளில் பின்புறம் பருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருநாள் அது படமும் இன்றி, ஒலியும் இன்றி நின்றுவிடும். உடனே நாம் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். அது பரிசோதனை ஆகாது. குறை எந்த இடத்தில் உள்ளது என்று வரிசையாகத் தேடுவதே பரிசோதனை. தொலைக்காட்சியை உலகுக்குச் செய்துகாட்டிய பெயர்ட், படம் தோன்றாத திரையின் முன் பல ஆண்டுகளைக் கழித்தவர். அவருடைய வாழ்க்கையிலிருந்து இத்தேடலை நாம் கற்கலாம்.

இளமைப் பருவம்

ஜோன் லோகி பெயர்ட் 1888 ஆகஸ்ட் 13 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு கிறிஸ்தவ மதகுரு. சிறு வயதிலேயே நண்பர்களின் வீடுகளைத் தம் வீட்டுடன் தொலைபேசிக் கம்பியால் இணைத்தவர் இவர். கிளாஸ்கோவில் மின் பொறியியல் பயின்றார். முதலாம் உலகப் போர் குறுக்கிட்டதால் அவரது பல்கலைக்கழகப் படிப்பு முற்றுப்பெறவில்லை. உடல்நலக் குறைவினால் இராணுவத்திலும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பின்னர் காலுறை விற்றார், டிரினிடாட் தீவுக்குச் சென்று ஜாம் தயாரித்தார், சவர்க்காரமும் விற்றார். நோய் அவரைத் தொடர்ந்து வாட்டியது.

தேயிலைப் பெட்டியும் தையல் ஊசியும்

1923 இல் உடல்நலம் தேடி இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை நகருக்கு வந்தார். அங்குதான் தொலைக்காட்சி ஆய்வைத் தொடங்கினார். கையிற் பணம் இல்லை. பழைய தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, சைக்கிள் விளக்கின் வில்லைகள், தையல் ஊசிகள், அரக்கு, பசை ஆகியனவே அவருடைய உபகரணங்கள். ஜேர்மனியரான போல் நிப்கோ 1884 இல் வடிவமைத்த துளைத் தட்டை அவர் பயன்படுத்தினார். தட்டுச் சுழலும்போது அதன் துளைகள் உருவத்தை வரிவரியாகப் பிரிக்கும். அவ்வொளியை ஒளிக்கலம் மின்சைகையாக மாற்றும். மறுமுனையில் விளக்கு ஒன்று அம்மின்சைகையை மீண்டும் ஒளியாக்கும்.

1924 இன் தொடக்கத்தில் நிழலுருவங்களை மட்டும் அனுப்ப முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 1000 வோல்ற்று மின் அவரைத் தாக்கியது. கையில் தீக்காயத்துடன் உயிர் தப்பினார். வீட்டுக்காரர் அவரை அவ்விடத்தை விட்டு வெளியேறச் சொன்னார்.

வெறுமையான திரை

பெயர்ட் லண்டனின் சோஹோ பகுதியில் ஒரு மேல்மாடி அறைக்கு மாறினார். 1925 ஒக்டோபர் 2 ஆம் திகதி ஒரு பொம்மைத் தலையின் முகம், ஒளியும் நிழலும் வேறுபட்டுத் திரையில் தெரிந்தது. உயிருள்ள ஒருவரைக் காட்ட விரும்பிய அவர் கீழ்த்தளத்துக்கு ஓடி, அங்கு வேலை செய்த வில்லியம் டெயின்டன் என்ற இளைஞரை அழைத்து வந்து கருவியின் முன் இருத்தினார். அடுத்த அறைக்குச் சென்று பார்த்தால் திரை வெறுமையாக இருந்தது.

அவர் வாங்கியைப் பிரித்துப் போடவில்லை. சைகை புறப்படும் இடத்துக்குச் சென்று பார்த்தார். விளக்குகளின் வெப்பம் தாங்காமல் அந்த இளைஞர் பின்னால் நகர்ந்திருந்தார். கருவியிற் பிழை இல்லை. காட்டவேண்டிய முகம்தான் இடத்தில் இல்லை. பெயர்ட் அவருக்குச் சிறிது பணம் கொடுத்து மீண்டும் இருத்தினார். முகம் தெரிந்தது. 1926 ஜனவரி 26 ஆம் திகதி அறிஞர்கள் முன்னிலையில் 30 வரிகள் கொண்ட அப்படத்தைச் செய்துகாட்டினார்.

படம் தனி, ஒலி தனி

1927 இல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கும், 1928 இல் அத்திலாந்திக் சமுத்திரம் கடந்து நியூயோர்க் அருகேயும் படத்தை அனுப்பினார். 1929 செப்டெம்பர் 30 இல் பிபிசி ஊடாகச் சோதனை ஒளிபரப்பு ஆரம்பமானது. அன்று ஒரேயொரு பரப்பியே கிடைத்தது. ஆகவே முதலில் படம், பிறகு ஒலி என மாறிமாறி அனுப்ப வேண்டியிருந்தது. 1930 மார்ச் இறுதியில் இரண்டாவது பரப்பி கிடைத்த பின்னரே இரண்டும் ஒன்றாக வந்தன.

தோல்வியும் இறுதிக்காலமும்

1936 நவம்பரில் பிபிசி முறையான சேவையை ஆரம்பித்தது. பெயர்ட்டின் 240 வரி முறையும், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி இலத்திரனியல் முறையும் மாறிமாறிப் பரீட்சிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் கிறிஸ்டல் பலஸ் தீவிபத்தில் அங்கிருந்த அவரது ஆய்வுகூடம் பெரும் சேதமடைந்தது. 1937 இன் தொடக்கத்தில் அவரது முறை கைவிடப்பட்டது. ஆயினும் அவர் ஓயவில்லை. தம்மை வென்ற இலத்திரனியல் முறையையே கற்று, 1944 ஆகஸ்டில் இலத்திரனியல் வர்ணப் படக்குழாய் ஒன்றைச் செய்துகாட்டினார். 1946 ஜூன் 14 இல் தமது 57 ஆவது வயதிற் காலமானார்.

அவர் மறைந்து 33 ஆண்டுகளின் பின், 1979 ஏப்ரல் 13 இல் இலங்கையில் தொலைக்காட்சி ஆரம்பமானது. 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி சேவை தொடங்கியது.

பழைய பெட்டியைப் பரிசோதிக்கும் ஒழுங்கு

1. படமும் ஒலியும் இல்லை, சிறு விளக்கும் எரியவில்லை எனில் மின்வழங்கலைப் பாருங்கள். அதே குதையில் வேறொரு சாதனத்தை இணைத்துச் சோதியுங்கள். செருகியில் உருகி இருந்தால் பெரியவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

2. விளக்கு எரிந்தும் பெட்டி இயங்கவில்லை எனில் ரிமோட்டின் மின்கலத்தைச் சோதித்து, பெட்டியிலுள்ள பொத்தானையே அழுத்திப் பாருங்கள்.

3. திரையில் வெண்புள்ளிகளும் இரைச்சலும் வந்தால் பெட்டி உயிருடன் உள்ளது, சைகைதான் வரவில்லை. டெயின்டனைத் தேடிப் பெயர்ட் சென்றதுபோல் அன்ரெனா வரை கம்பியைத் தொடர்ந்து பாருங்கள். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. எனவே கண்டி போன்ற மலைசூழ் இடத்தில், மலை மறைவிலுள்ள வீட்டில் அன்ரெனா சற்றுத் திரும்பினாலே படம் கெடும்.

4. ஒலி உண்டு, படம் இல்லை எனில் படக்குழாய் அல்லது அதற்கு உயர் வோல்ற்றளவு வழங்கும் சுற்று பழுதாகியிருக்கலாம். படம் உண்டு, ஒலி இல்லை எனில் ஒலியளவையும் ஒலிபெருக்கியையும் கவனியுங்கள்.

எச்சரிக்கை: பின்மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். வர்ணப் படக்குழாயில் 20,000 வோல்ற்றுக்கு மேலும் இருக்கலாம். செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். பெயர்ட்டைச் சுட்டது அதில் இருபதில் ஒரு பங்குதான். உள்ளே உள்ள பழுதை அனுபவமுள்ள திருத்துநரிடம் விடுங்கள்.

மாணவர்களே, வினாத்தாளில் விடை வராதபோதும் இதே ஒழுங்கு உதவும். தரவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பாருங்கள். பிழை ஏதோ ஒரு படியில் காத்திருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. நிப்கோ தட்டின் தொழில் யாது?
2. 1929 இல் படமும் ஒலியும் ஒருங்கே வராமைக்குக் காரணம் என்ன?
3. டெயின்டன் முன் இருந்தபோது திரை வெறுமையாக இருந்ததேன்? பெயர்ட் அதனை எவ்வாறு கண்டறிந்தார்?
4. ஒலி இருந்து படம் இல்லாதபோது மின்வழங்கல் முற்றாக நின்றுவிட்டது எனக் கூறலாமா? காரணம் தருக.