சேற்றுக் குமிழியைப் புட்டியில் பிடித்த வோல்டா

கோடையில் தண்ணீர் குறைந்து, சேறும் அழுகிய செடிகொடியுமாகக் கிடக்கும் குளத்தில் ஒரு கம்பை விட்டுக் கிளறிப் பாருங்கள். அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று கிளம்பி மேலே வரும். 1776-ம் ஆண்டு நவம்பர் மாதம், வடக்கு இத்தாலியில் மஜ்ஜோரே என்ற ஏரியின் நாணல் புதருக்குள் படகில் போன ஒருவர் இதே வேலையைத்தான் செய்தார். ஆனால் கிளம்பிய குமிழியை அவர் சும்மா விடவில்லை. புட்டியில் பிடித்தார், கரைக்குக் கொண்டுவந்து தீ வைத்துப் பார்த்தார். உங்கள் கொல்லையில் இருக்கும் சாண எரிவாயுக் கலனின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர் பெயர் அலெசாண்ட்ரோ வோல்டா. வோல்டேஜ் குறைவு, பம்புசெட் ஓடவில்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த வோல்ட் இவர் பெயரில் வந்தது. மின்கலத்தைச் செய்தவர் என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். மின்கலத்துக்கு 24 ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த சேற்றுக் காற்று ஆராய்ச்சியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. விவசாயிக்கு அதுதான் நெருக்கமானது என்பது என் கருத்து.

வோல்டா 1745 பிப்ரவரி 18-ல் கோமோ என்ற ஊரில் பிறந்தார். நான்கு வயது வரை பேச்சு வரவில்லை. பிள்ளை ஊமையோ என்று வீட்டில் பயந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பாதிரியார்களின் பள்ளியில் படித்தார். அவரையும் துறவியாக்கிவிட வேண்டும் என்று அவர்கள் முயன்றும் மனம் இயற்பியலில்தான் நின்றது. 1774-ல் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே வேலை கிடைத்தது.

எரியும் காற்று ஒன்று உண்டு என்பது அப்போதே தெரியும். உலோகத்தின் மேல் அமிலத்தை ஊற்றினால் வரும். இன்று அதை ஹைட்ரஜன் என்கிறோம். நீர்நிலைகளிலும் எரியும் காற்று வருவது பற்றி அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதியதை வோல்டா படித்திருந்தார். காம்பி என்ற பாதிரியார் நண்பரும் தாம் கண்ட ஓர் ஊற்றில் அப்படிக் காற்று வருவதைத் தெரிவித்தார். அதன் பிறகு வோல்டா கோமோவைச் சுற்றியுள்ள ஏரி, குட்டை, வாய்க்கால் ஒன்றையும் விடவில்லை. எங்கே சேறும் மக்கிய செடியும் இருந்தனவோ அங்கெல்லாம் கிளறினார்.

அவர் பிடித்த விதத்தைக் கவனியுங்கள். புட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, ஏரித் தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் ஒரு புனலை வைத்தார். குமிழிகள் புனல் வழியாக ஏற ஏற, புட்டியில் இருந்த தண்ணீர் கீழே இறங்கியது. வெளிக்காற்று உள்ளே கலக்க வழியில்லை. மிதக்கும் டிரம் வைத்த பழைய கோபர் கேஸ் கலனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாணக் கரைசலின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம்மும் அந்தப் புட்டியும் ஒரே தத்துவம்தான்.

பிடித்த காற்றைப் பற்றவைத்தபோது அது நீல நிறத்தில் நிதானமாக எரிந்தது. ஹைட்ரஜனைப்போலப் பட்டென்று எரிந்து முடியவில்லை. முழுதாக எரிய அதைவிடப் பல மடங்கு காற்றும் கேட்டது. ஆகவே இது வேறு காற்று என்று முடிவு செய்தார். பூமிக்குள் இருக்கும் கனிமத்திலிருந்து வருவதல்ல, நீருக்கடியில் செடிகொடியும் உயிர்ப்பொருளும் அழுகுவதிலிருந்து வருகிறது என்றும் சொன்னார். காம்பிக்கு எழுதிய ஏழு கடிதங்களாக இது 1777-ல் அச்சானது. மீத்தேன் என்ற பெயர் வந்தது 1866-ல்தான்.

அழுகுவதால் காற்று வருகிறது என்று கண்டவருக்கு அழுக வைப்பது யார் என்று தெரியவில்லை. அது நுண்ணுயிரிகளின் வேலை என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. ஒரு கூட்டம் சாணத்தை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனை விடும். இரண்டாவது கூட்டத்துக்குக் காற்றுப் பட்டால் ஆகாது, புளிப்பு ஏறினாலும் ஆகாது. கேஸ் வரவில்லை என்று கைவிடப்பட்ட கலன்களைப் பல ஊர்களில் பார்க்கிறேன். டிரம் துருப்பிடித்து மூலையில் கிடக்கும். விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பட்டினி போட்டிருப்பார்கள், அல்லது அளவுக்கு மீறி ஊட்டியிருப்பார்கள். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். நான்கைந்து மாடு இருந்தால்தான் சரிப்படும். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பெரிய கலன் கட்டியவர் யாரைக் குறை சொல்வது? கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஒரே நாளில் கொட்டினாலும் புளித்துப்போய்க் கேஸ் நின்றுவிடும். அப்போது சில நாள் தீனியை நிறுத்திவையுங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய தொழுவத் தண்ணீரை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள்.

வோல்டா கவனித்த காற்றுக் கணக்கும் அடுப்படிக்கு உதவும். மீத்தேன் முழுதாக எரிய அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு காற்று வேண்டும். சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதமே, மீதி பெரும்பாலும் கரியமில வாயு என்பதால் 6 மடங்கு போதும். சிலிண்டர் கேஸுக்கு 20 மடங்குக்கு மேல் தேவை. அதனால்தான் சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சுவாலை நிற்பதில்லை. சாண எரிவாயுவுக்கென்று செய்த அடுப்பை வாங்கி, காற்றுத் துளையைத் திருப்பி, சுவாலை நீலமாகும்படி வையுங்கள்.

சேற்றுக் காற்றோடு சாதாரணக் காற்றைக் கலந்து மூடிய கலத்தில் அடைத்து, மின்பொறியால் வெடிக்க வைத்தும் காட்டினார் வோல்டா. மின் துப்பாக்கி என்று அதற்குப் பெயர். கோமோவிலிருந்து மிலான் வரை கம்பி இழுத்து, இங்கே பொறி தட்டினால் அங்கே வெடிக்கும்படி செய்து செய்தி அனுப்பலாம் என்றுகூட யோசனை சொன்னார். தந்தி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு! நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். புதிதாகக் கட்டிய கலனில் முதலில் சேரும் கேஸில் உள்ளே இருந்த காற்றும் கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். கலனருகே தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதும் கூடாது. கசிவு பார்க்கச் சோப்பு நுரை இருக்கிறது.

அதே 1777-ல் சுவிட்சர்லாந்துப் பக்கம் பயணம் போன வோல்டா, திரும்பும்போது உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து தம் பகுதியில் பரப்ப முயன்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தவளைக் கால் துடிப்பதைப் பற்றி கால்வானியோடு நடந்த வாதம், அதிலிருந்து 1800-ல் பிறந்த மின்கலம், 1801-ல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் செய்து காட்டியது, தங்கப் பதக்கம், பிரபு பட்டம் எல்லாம் ஊரறிந்த கதை.

1819-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோமோவுக்கு அருகில் காம்னாகோ என்ற கிராமத்தில் இருந்த குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். 1827 மார்ச் 5-ல் காலமானார். மின்கலத்தின் நூறாவது ஆண்டையொட்டி 1899-ல் கோமோவில் கண்காட்சி வைத்தார்கள். அங்கே தீப்பிடித்து அவருடைய கருவிகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. மிஞ்சியவற்றையும் மாதிரி பார்த்துத் திரும்பச் செய்தவற்றையும் அதே ஊரில், ஏரிக்கரையில் அவர் பெயரால் கட்டிய காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.