பள்ளிக்கூடம் பிடிக்காதவர் கல்லூரி கண்டார்!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஓர் எந்திரம் உண்டு. அதன் பெயர், சி.என்.சி. மில்லிங் எந்திரம்.

அலுமினியக் கட்டியை அதன் மேஜையில் இறுகப் பூட்டுவார்கள். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்துவார்கள். கிறுகிறுவென்று சுழலும் கட்டர், கட்டியின் மேல் இறங்கும். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் எண்களாகச் சொல்லும். எந்திரம் அப்படியே செய்யும். இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. அளவு பிசகினால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் பிசகும். தலைமுடியின் கனம்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம்!

திருவாலங்காடு போன்ற ஊர்களில் இருந்து இந்த வேலைக்குப் போகும் இளைஞர்கள் எல்லோரும் என்ஜினீயரிங் பட்டம் பெற்றவர்களா? இல்லை. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் தொழில் படித்தவர்களே ஏராளம்.

தொழில் கற்றுக்கொள்ள நீண்ட காலம் வேண்டியதில்லை என்று 1945-ம் ஆண்டு வாக்கிலேயே அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார் ஒருவர். சொன்னது நடக்கவில்லை என்றதும், கல்லூரித் தலைவர் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார்.

அவர்தான் கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு.

படிப்பு ஏறவில்லை

கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோபாலசாமி நாயுடு என்ற விவசாயிக்கு மகனாகப் பிறந்தார் துரைசாமி. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குக் கசப்பு. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசினார் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு!

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! அதைக் கண்ட துரைசாமிக்கு அன்று முதல் வேறு நினைப்பே இல்லை.

வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை. சாப்பாட்டு இலை போட்டுக் காசு சேர்த்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடம் கொடுத்து, அதே மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வரவில்லை. உட்கார்ந்து, வண்டியைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பரப்பினார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த என்ஜினீயரிங் கல்லூரி.

ஒரே ஒரு பஸ்

பிறகு பஞ்சுத் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது. பம்பாய் வரை போய் வியாபாரம் செய்தார். வந்த பணம் போய்விட்டது.

1920-ம் ஆண்டு, ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான், பல ஊர்களுக்கும் ஓடிய யு.எம்.எஸ். பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

மயிரிழை வேலை

1937-ம் ஆண்டு கோவையில் ஒரு மின்சார மோட்டார் பிறந்தது. நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து முயன்று செய்தது அது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

மோட்டார் செய்வது என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். அதன் உள்ளே பாருங்கள். வெளிக்கூடு அசையாமல் நிற்கும். நடுவில் உருளை சுழலும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து, சின்ன மோட்டாரில் அரை மில்லிமீட்டர்கூட இராது. சந்து அகன்றால் மோட்டார் மின்சாரத்தை வீணாகக் குடிக்கும். குறுகினால் உருளை உரசும், மோட்டார் பாழ். இதைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், லேத்தில் கடைந்து, கையால் அளந்து, ஒன்றைப்போல இன்னொன்றாகச் செய்ய வேண்டும். கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்த உழவர்களுக்கு மோட்டார் பம்பு கிடைத்தது இப்படிப்பட்ட வேலையால்தான்.

நாயுடுவின் மூளை சும்மா இருக்கவில்லை. பேட்டரியில் ஓடும் முகச்சவர எந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதற்குள் ஒரு குட்டி மோட்டார். 'ரசாந்த்' என்ற பெயரில் அதைத் தயாரித்து விற்றது யார் தெரியுமா? நுட்ப வேலைக்குப் பெயர்போன ஜெர்மனி நாடு!

மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் எந்திரம், மோசடி செய்ய முடியாத ஓட்டு எந்திரம் என்று பட்டியல் நீளும். மண்எண்ணெயில் ஓடும் மின்விசிறியும் செய்தார். மன்னிக்கவும், அதை மின்விசிறி என்று சொல்லக்கூடாது. மின்சாரமே இல்லாத வீட்டுக்கான விசிறி அது! 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

கல்லூரியில் மோதல்

மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு, ஊர்ப் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்ற ஆசை. அவருடைய நன்கொடையால் கோவையில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்றின. சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1945-ம் ஆண்டு கல்லூரியின் தலைவராக அமர்ந்தார் நாயுடு. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன், கல்லூரி முதல்வர்!

அங்கேதான் மோதல் வந்தது. என்ஜினீயரிங் படிப்புக்கு 4 ஆண்டு எதற்கு, 2 ஆண்டே தாராளம் என்பது அவர் கட்சி. பிள்ளைகளின் வாலிபக் காலம் வீணாகிறது என்று வருந்தினார். வெள்ளைக்கார அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. நாயுடு விலகிவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. பாலம் கட்டவும், புதிதாக ஓர் எந்திரத்தை வரையவும் ஆழ்ந்த கணக்கு வேண்டும். ஆனால் எந்திரத்தின் முன் நின்று வேலை செய்யும் கைக்கு, குறுகிய காலப் பயிற்சி போதும் என்ற வரையில் அவர் எண்ணம் பழுதில்லை.

அவர் கண்ட கல்லூரி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

2 ஆயிரம் ரூபாய் கார்

1952-ம் ஆண்டு, இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2 ஆயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பமும் எட்டிப்பிடிக்கலாம் என்ற விலை. ஆனால் தயாரிக்க லைசென்ஸ் கொடுக்க அரசாங்கம் மறுத்தது. இந்த முறை மறுத்தது வெள்ளைக்கார அரசாங்கம் அல்ல. சுதந்திர நாட்டு அரசாங்கம். கார் அதோடு நின்றது.

அதே 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடம் ஒரு புதுமையைக் காட்டியது. துளை போட்ட நாடாவில் எண்களைப் பதித்து, அதன்படி மில்லிங் எந்திரத்தை ஓட வைத்தார்கள். இன்றைய சி.என்.சி. எந்திரத்துக்கு மூதாதை அதுதான். ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்யும்போது அந்த யோசனைக்கு வித்திட்டவர் ஜான் பார்சன்ஸ். அவரும் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்! அவருக்கு அந்த நாட்டு விமானப் படை பணம் கொடுத்தது. நாயுடுவுக்குக் கிடைக்காதது லைசென்ஸ்.

கோவையில் லேத்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார்.

அவருடைய குடும்பத்தார், ஜெர்மனியைச் சேர்ந்த வைலர் கம்பெனியோடு சேர்ந்து கோவையில் லேத் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்துகிறார்கள். கம்ப்யூட்டர் சொல்படி கடையும் லேத்துகளும் அங்கே உருவாகின்றன. நாயுடு செய்த பொருள்களை அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியில் காணலாம். அந்தச் சாலையின் மேலேயே 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம்.