ஒகஸ்ட் கெக்குலே (1829 – 1896): காபன் சேர்வைகளுக்கு உருவம் தந்தவர்

க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் மாணவர் பலர் தயங்கி நிற்கும் பகுதி சேதன இரசாயனமாகும். இன்று இப்பகுதியை முதன்முதலாகக் காணொளிப் பாடங்கள் மூலம் கற்கும் மாணவர் பலர். கைத்தொலைபேசித் திரையில் ஆசிரியர் ஒரு காபன் அணுவை எழுதி, அதிலிருந்து நான்கு கோடுகளை வரைகிறார். சில பாடங்களின் பின்னர் அதே திரையில் ஓர் அறுகோணம் தோன்றுகிறது. அந்த நான்கு கோடுகளும் அந்த அறுகோணமும் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்த மாணவருக்கு இப்பாடம் வெறும் மனனமாக இராது. அதனை அறிய ஒகஸ்ட் கெக்குலேயின் வாழ்க்கை பெரிதும் உதவும்.

இளமையும் கல்வியும்

கெக்குலே 1829 செப்டெம்பர் 7 ஆம் திகதி ஜேர்மனியின் தார்ம்ஸ்டட் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே சித்திரம் வரைவதில் வல்லவராக விளங்கிய அவர், 1847 இல் கட்டடக்கலை பயில்வதற்காக ஜீசன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற இரசாயனவியலாளர் லீபிக்கின் விரிவுரைகளைக் கேட்டதும் அவரது மனம் மாறியது. குடும்பத்தினர் உடனே இணங்கவில்லை. சில காலம் பொறுத்திருந்து, பின்னர் தாம் விரும்பிய பாடத்தையே கற்றார். 1852 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பரிஸ், சுவிற்சர்லாந்து, இலண்டன் ஆகிய இடங்களிற் கற்றும் பணியாற்றியும் அனுபவம் பெற்றார்.

1856 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்ற அனுமதி பெற்றார். ஆனால் அவருக்கெனச் சம்பளமோ ஆய்வுகூடமோ வழங்கப்படவில்லை. எனவே வாடகை வீடொன்றில் ஓர் அறையை வகுப்பறையாகவும் சமையலறையை ஆய்வுகூடமாகவும் மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அடோல்ப் பேயர் அச்சமையலறையிற் பணியாற்றியவர்களுள் ஒருவர்.

அக்காலத்தின் குழப்பம்

சேதனம் என்ற சொல் உயிரோடு தொடர்புடையது. உயிர்களின் உடலிற் காணப்படும் பொருள்களை உயிர்ச்சக்தியின்றி ஆக்க முடியாது என முன்னர் கருதப்பட்டது. 1828 இல் வோலர், அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவைப் பெற்றபோது அக்கருத்து ஆட்டங்கண்டது. எனினும் சேர்வைகளை எவ்வாறு எழுதுவது என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை. அசற்றிக் அமிலம் ஒன்றுக்கு மாத்திரம் அக்காலத்தவர் பயன்படுத்திய 19 வேறுபட்ட சூத்திரங்களைக் கெக்குலே தமது பாடநூலில் வரிசைப்படுத்திக் காட்டினார். ஒரு பொருளுக்குப் பத்தொன்பது சூத்திரங்கள் இருந்தால் மாணவர் எதனைக் கற்பது?

இக்குழப்பத்தைத் தீர்க்க 1857, 1858 ஆம் ஆண்டுகளில் கெக்குலே இரண்டு கருத்துகளை முன்வைத்தார்.

1. காபனின் வலுவளவு நான்கு ஆகும்.
2. காபன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலிகளை ஆக்கவல்லன.

இவ்விரண்டையும் கொண்டே இலட்சக்கணக்கான சேர்வைகளை ஒழுங்குபடுத்த முடிந்தது. தமது பாடநூலில் சேதன இரசாயனத்தைக் காபன் சேர்வைகளின் இரசாயனம் என அவர் வரையறுத்தார். பழைய பெயர் நிலைத்தது. அதன் பொருள் மாறியது.

பின்தங்கிப்போன கூப்பர்

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ஸ்கொட் கூப்பர் என்ற இளைஞர் பரிசில் வூர்ட்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். அவரும் 1858 இல் இதே கருத்துகளைத் தாமாகவே கண்டறிந்தார். பிணைப்புகளைக் கோடுகளால் வரைந்தும் காட்டினார். இன்று நாம் வரையும் முறைக்குக் கெக்குலேயின் அக்கால முறையைவிடக் கூப்பரின் முறையே நெருக்கமானது. ஆனால் அவரது கட்டுரை பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் சமர்ப்பிக்கப்படுவது தாமதமாகியது. அதற்குள் மே மாதத்திற் கெக்குலேயின் கட்டுரை வெளிவந்துவிட்டது. கூப்பருடையது யூன் மாதத்திலேயே முன்வைக்கப்பட்டது.

கூப்பர் கோபமுற்று வூர்ட்சுடன் முரண்பட்டு, ஆய்வுகூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. நாடு திரும்பிய சிறிது காலத்தில் அவரது மனநலம் பாதிக்கப்பட்டது. அதன்பின் ஆய்வு எதுவும் செய்யாமல், தாயாரின் பராமரிப்பில் வாழ்ந்து 1892 இற் காலமானார். பொன் பல்கலைக்கழகத்திற் கெக்குலேயின் பின் பதவியேற்ற அன்சூட்ஸ் என்பவரே கூப்பரின் பணியைத் தேடியெடுத்து உலகறியச் செய்தார். கெக்குலேயின் பெயரோடு கூப்பரின் பெயரையும் சேர்த்துக் கற்பதே நீதியாகும்.

பென்சீன் வளையம்

1858 இல் கெக்குலே பெல்ஜியத்தின் கென்ற் நகரிற் பேராசிரியரானார். 1862 இல் அங்கே ஸ்டெபனி என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்த சில நாள்களில் மனைவி இறந்தார். கைக்குழந்தையும் துயரமுமாக வாழ்ந்த அக்காலத்திலேயே அவரது மிகப்பெரிய பணி உருவாகியது.

1825 இல் மைக்கல் பரடே கண்டறிந்த பென்சீன், இரசாயனவியலாளருக்குப் புதிராக இருந்தது. அதில் ஆறு காபன் அணுக்களும் ஆறு ஐதரசன் அணுக்களும் மாத்திரமே உள்ளன. ஆறு காபன்களைத் திறந்த சங்கிலியாக எழுதினால், இத்தனை குறைந்த ஐதரசனைக் கொண்டு வலுவளவை நிறைவுசெய்யப் பல இரட்டை அல்லது மும்மைப் பிணைப்புகள் தேவைப்படும். ஆனால் அத்தகைய சேர்வைகளைப்போலப் பென்சீன் இலகுவிற் கூட்டற் தாக்கங்களில் ஈடுபடுவதில்லை.

1865 இல் கெக்குலே விடையை வெளியிட்டார். சங்கிலியின் இரு முனைகளும் இணைந்து வளையமாகின்றன. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைகின்றன என்பதே அது. கணப்பின் அருகே அரைத்தூக்கத்தில் இருந்தபோது, தன் வாலைத் தானே கவ்விய பாம்பின் தோற்றத்தைக் கண்டதாக 1890 இற் பேர்லினில் நடைபெற்ற விழாவில் அவர் கூறினார். 25 ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட இக்கதையை ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். கதை எவ்வாறாயினும், கனவைக் கொண்டு எவரும் கொள்கையை ஏற்கவில்லை. சோதித்துப் பார்த்தே ஏற்றனர்.

அச்சோதனை சமபகுதியங்களை எண்ணுவதாகும். ஆறு ஐதரசன்களும் சமமானவையாயின், ஒன்றைப் புரோமீனாற் பிரதியிடும்போது ஒரே சேர்வை மாத்திரமே கிடைக்க வேண்டும். இரண்டைப் பிரதியிடும்போது ஓதோ, மெற்றா, பரா என மூன்று கிடைக்க வேண்டும். பரிசோதனைகள் இதனை உறுதிப்படுத்தின.

ஆயினும் ஒரு குறை இருந்தது. இரட்டைப் பிணைப்புகள் நிலையாக ஓரிடத்தில் இருப்பின் ஓதோ வகையில் இரண்டு சேர்வைகள் இருக்க வேண்டும்; ஆனால் ஒன்றே உண்டு. 1869 இல் லாடன்பேர்க் என்பவர் இதனைச் சுட்டிக்காட்டினார். கெக்குலே குறையை மறைக்கவில்லை. பிணைப்புகள் இடைவிடாது இடம் மாறுகின்றன என 1872 இல் தமது கொள்கையைத் திருத்தினார். இதுவும் முடிந்த விடையன்று. 1930 களில் லைனஸ் போலிங்கின் பரிவுக் கொள்கை தெளிவான விளக்கம் தந்தது. கெக்குலே பிறந்து சரியாக 100 ஆண்டுகளின் பின், 1929 இல் கதலீன் லொன்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி எக்ஸ் கதிர்களின் உதவியால் பென்சீன் வளையம் தட்டையானது எனக் காட்டினார். பென்சீனின் காபன் – காபன் பிணைப்புகள் யாவும் ஏறத்தாழ 139 பிக்கோமீற்றர் நீளமுடையவை. இது ஒற்றைப் பிணைப்பின் 154 இற்கும் இரட்டைப் பிணைப்பின் 134 இற்கும் இடைப்பட்டதாகும்.

ஆசிரியர் கெக்குலே

1867 முதல் இறக்கும்வரை பொன் நகரிற் பேராசிரியராக விளங்கினார். காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியொன்றின் மூலைகளை நோக்கி அமையும் மாதிரியுருவையும் 1867 இல் விவரித்தார். அவரிடம் பயின்றோருள் வான்ற் ஹொவ் 1901 இலும், எமில் பிஷர் 1902 இலும், பேயர் 1905 இலும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். கெக்குலே 1896 யூலை 13 ஆம் திகதி காலமானார்.

மாணவர் கவனத்திற்கு

காணொளியில் மூலக்கூறு அழகாகச் சுழலும்போது எல்லாம் விளங்கியது போலத் தோன்றும். பரீட்சை மண்டபத்தில் வெற்றுத்தாளைக் கண்டதும் கை நின்றுவிடும். பார்ப்பது வேறு, வரைவது வேறு. ஆகவே ஆசிரியர் கட்டமைப்பை வரையத் தொடங்கும்போது காணொளியை நிறுத்துங்கள். கொப்பியில் நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு காபனுக்கும் நான்கு பிணைப்புகள் உள்ளனவா என எண்ணுங்கள். பின்னர் காணொளியைத் தொடர்ந்து ஒப்பிடுங்கள். பிழையிருப்பின் வெட்கப்பட வேண்டாம். கெக்குலேயும் தமது அறுகோணத்தைத் திருத்தியவரே.

பயிற்சி வினாக்கள்

1. கெக்குலேயும் கூப்பரும் 1858 இல் தனித்தனியே முன்வைத்த கருத்துகள் யாவை?
2. இருபுரோமோபென்சீனின் மூன்று சமபகுதியங்களையும் வரைக.
3. 1865 ஆம் ஆண்டின் கெக்குலே கட்டமைப்பால் விளக்க முடியாத இரண்டு உண்மைகளைக் குறிப்பிடுக.
4. பென்சீனின் பிணைப்பு நீளங்கள் சமமாக இருப்பதைப் பரிவுக் கொள்கை மூலம் விளக்குக.