ஓவியர் பணிக்கர்

கோவை என்றவுடன் பஞ்சாலைகளும் நூற்புத் தொழிலும் நம் நினைவுக்கு வருகின்றன. கொங்கு நாட்டின் தலைமை நகராகிய அது, இந்திய ஓவியக் கலைக்கும் ஒரு பெரியாரை அளித்துள்ளது என்பதைப் பலர் அறியார். அவரே கே. சி. எஸ். பணிக்கர் ஆவார். மேலை நாட்டுப் புதுமை ஓவியர்களிடம் கற்க வேண்டியவற்றைக் கற்று, பின்னர் தமக்கெனத் தனி வழி கண்டவர் அவர்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். இளமைக் கல்வியை மலையாள நாட்டில் பெற்றார். அங்குள்ள நீர்நிலைகளும் தென்னஞ்சோலைகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பன்னிரண்டு வயதிலேயே அக்காட்சிகளை வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். பதினேழு வயதில் அவருடைய ஓவியங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம் பெற்றன. ஆயினும் குடும்பப் பொறுப்பு அவரை வேறு திசையில் செலுத்தியது. தந்தித் துறையிலும், பின்னர் ஆயுள் காப்பீட்டுத் தொழிலிலும் அவர் சில ஆண்டுகள் உழைத்தார். எனினும் கலை வேட்கை தணியவில்லை. 1936-ஆம் ஆண்டில் தம் இருபத்தைந்தாம் வயதில் சென்னை அரசினர் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அப்பொழுது அப்பள்ளியின் தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை உருவாக்கிய சிற்பி அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் இளம் ஓவியர் சிலரைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957-இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1967 வரை அப்பணியைச் செய்தார்.

அக்காலத்தில் ஓவிய உலகில் ஒரு பெருமாறுதல் பரவியிருந்தது. கண்ட பொருளைக் கண்டவாறே காட்டுவதற்குப் புகைப்படக் கருவி தோன்றிவிட்டது. அப்படியாயின் ஓவியன் செய்யத்தக்கது யாது? ஆலந்து நாட்டு வான் கோ, பிரான்சு நாட்டுக் கோகென் முதலியோர் தம் ஓவியங்களாலேயே இதற்கு விடை கூறினர். பொருளின் உருவத்தைவிட, அதைக் கண்ட உள்ளத்தின் உணர்ச்சியைக் கோட்டாலும் வண்ணத்தாலும் புலப்படுத்தினர். இப்புதிய கருத்து பணிக்கரை ஈர்த்தது. அவருடைய தூரிகையில் விரைவும், வண்ணத்தில் ஒளியும் மிகுந்தன. 1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் அவர் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

புகழ் வளர்ந்தபோதிலும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. பிறர் கண்ட வழியில் எத்துணைத் திறமையுடன் நடப்பினும், அது பிறர் வழியே அன்றோ? நம் மண்ணில் தோன்றிய ஓவியம் நம் மண்ணின் இயல்பைக் காட்ட வேண்டாவா? இவ்வினா அவரை விடாது வருத்தியது. 1963-ஆம் ஆண்டளவில் அதற்கு விடை கிடைத்தது. மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் வளைகோடுகளும் நிறைந்திருந்த பக்கங்கள் அவர் சிந்தையைத் தூண்டின என்பர். நம் வீடுகளில் காணப்படும் சாதகக் கட்டங்களும் ஏடுகளும் அத்தகையனவே அல்லவா? அவற்றின் அமைப்பைத் தழுவி, சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கினார். கட்டங்கள், எண்கள், மலையாள எழுத்துகள், பறவைகள், மீன்கள் ஆகியன அவற்றில் நிரம்பியிருக்கும். அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயல்வோர் பொருள் காணார். அவை படிப்பதற்கு உரியன அல்ல, பார்ப்பதற்கே உரியன. தனியுரிமை கொண்டாடத்தக்க நடை ஒன்று அவருக்கு அமையும்போது அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

பணிக்கரை வருத்திய கவலை மற்றொன்றும் உண்டு. கலைப் பள்ளியில் தேறிய இளைஞர் பலர், வயிற்றுப் பிழைப்புக்காகக் கலையைக் கைவிட்டு வேறு வேலை தேடிச் சென்றனர். தாமும் அத்துன்பத்தை அறிந்தவர் ஆதலின், அதற்கு ஒரு வழி காண முனைந்தார். பாத்திக் எனப்படும், மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி முதலிய கைவினைப் பொருள்களைக் கலைஞர் கூடிச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியை வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூர் உருவாயிற்று. முதலில் குடிசைகளே அமைந்தன. கைவினையால் உணவுக்கு வழி தேடி, எஞ்சிய நேரத்தில் அவர்கள் ஓவியமும் சிற்பமும் படைத்தனர். ஒருவர் தயவையும் எதிர்பாராமல் கலைஞர் தம் உழைப்பால் எழுப்பிய அவ்வூர் இன்றும் நிலைத்து நிற்கிறது.

லலித் கலா அகாதமி 1976-இல் பணிக்கருக்குத் தன் உயரிய சிறப்பை வழங்கியது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் அவர் சென்னையில் மறைந்தார்.

எந்நாட்டாரிடமும் நல்லன கற்கலாம். அதில் இழிவு இல்லை. ஆனால் கற்றதோடு நின்றுவிடின் நாம் பிறர் நிழலாகவே இருப்போம். கலையிலும் வாழ்விலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே பணிக்கரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.