தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி அமர்ந்தால், பெட்டியில் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளில் மூலம், பௌத்திரம் பற்றியவை கண்ணில் படாமல் போகா. மலத்தோடு இரத்தம் கண்டால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதும், அதை வெளியில் சொல்ல நாணுவதும் நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டன. இந்நோயில் ஏற்படும் பிழை எத்துணைக் கொடியது என்பதைத் தம் வீட்டிலேயே கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அவர் 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர்; தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில், மன்னரின் தனி அனுமதியுடன் சேர்ந்து படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் மருத்துவரானார். சட்டமன்றத் துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் ஆகியவை நாம் பள்ளியிலேயே படித்தவை. ஆதலின் இங்கு விரிக்கவில்லை.

1920-களின் தொடக்கத்தில் அம்மையாரின் தங்கை நோயுற்றார். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். சீதபேதி என்று கருதி மருத்துவம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. சீதமும் இரத்தமும் போவது இரண்டு நோய்க்கும் பொது. உள்ளே பார்த்தாலொழிய வேறுபாடு புலப்படாது. அந்நாளில் இருந்தவை மருத்துவரின் விரலும், வளையாத நேர்க்குழாயும்தான். அக்கா மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. இதைப் படித்தபோது என் மனம் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டது.

1925-ல் உயர் பயிற்சிக்காக இலண்டன் சென்ற அம்மையார், அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைக் கண்டார். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் நோயாளி பிழைக்கலாம் என்ற உறுதி அவருக்கு ஏற்பட்டது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் தம் விருப்பத்தை வெளியிட்டார். ஆனால் புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளரிடமும் இருந்தது, மருத்துவரிடமும் இருந்தது. நோயாளியின் நாணத்தைக் காட்டிலும் இந்த அவநம்பிக்கையே பெரிய தடை என்பேன்.

அம்மையார் சோரவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு, 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அம்மையார் 1968 ஜூலை 22-ல் மறைந்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்னும் மருத்துவர்கள், வளையும் குழாயைப் பெருங்குடல் முழுதும் செலுத்திப் பார்த்து, உள்ளே இருந்த சதை வளர்ச்சியைக் கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்தனர். அதுவே கொலோனோஸ்கோப்பி. இன்று அக்குழாயின் முனையில் காமிரா இருக்கிறது. மருத்துவர் கண்ணுக்குத் தப்பும் சிறு மொட்டையும் கணினி திரையில் கட்டமிட்டுக் காட்டுகிறது.

கருவி வந்தும் நாணம் போகவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பெரியம்மா, ஓராண்டு காலம் மூலம் என்று நம்பிக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். குழாய்ச் சோதனை என்றதும் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அம்மையாருடைய தங்கையின் கதையை அவருக்குச் சொன்னேன். சென்ற தை மாதம் சோதனைக்குச் சென்றார். முதல் நாள் பேதி மருந்து கலந்த நீரைப் படி படியாகக் குடித்ததுதான் வேதனையாம். குழாய் போனதும் வந்ததும் தெரியவே இல்லையாம். இரண்டு மொட்டுகளை எடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.